நடுவில் ஒரு கட்டைவிரல்

தச்சர் தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சரிபாதியாக அறுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை மதியம். அறுக்கும்போது மேசை ஆடாமல் பிடித்துக்கொண்டது அவர் மனைவி. எந்த மனைவியோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடக் கூடாது என்று அந்த மேசை அறுபட்டதோ, அதே மனைவி.

"ஆடுது, அழுத்திப் பிடி."

"அழுத்தித்தான் பிடிச்சிருக்கேன். ஆடுறது மேசை இல்ல, உங்க கை."

உண்மைதான். முப்பது வருஷமாக ரம்பம் பிடித்த கை அன்றைக்குக் கோடு தவறியது. அந்த மேசை அவர்கள் கல்யாணத்துக்கு அவரே செய்தது. ஒரு ஆணி கிடையாது, எல்லாம் மூட்டுதான். அதைப் பிரிக்க வேண்டுமானால் அறுத்துத்தான் ஆக வேண்டும். அறுத்தால் மட்டும் போதுமா? பாதி மேசைக்கு இரண்டு கால்தானே மிஞ்சும்? ஆளுக்கு இரண்டு புதுக்கால் வைத்தாக வேண்டும். நாலு காலில் நின்ற குடும்பம் எட்டுக் காலில் நிற்கப்போகிறது என்று மனைவி சிரித்தாள். தச்சருக்குச் சிரிப்பு வரவில்லை.

இது அவர் அறுத்த ஐந்தாவது மேசை. முதல் நாலும் அடுத்தவர் வீட்டு மேசைகள். அப்போதெல்லாம் கோடு நேராகத்தான் வந்தது.

விஷயம் புரிய வேண்டுமானால் அந்தச் சபையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பேட்டரிக் கடைக்கு மேலே, மாடியில், ஒரு நீளமான அறை. சுவரில் ஒன்றும் கிடையாது. படம் இல்லை, சிலுவை இல்லை, காலண்டர்கூட இல்லை. மேளம் இல்லை, ஆர்மோனியப் பெட்டி இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் முப்பத்தாறு பேர் வட்டமாக உட்கார்ந்து அப்பம் பிட்பார்கள். சபைக்குப் பெயரும் கிடையாது. பெயர் வைத்தால் அது பல சபைகளில் ஒன்றாகிவிடும் அல்லவா? உலகத்தில் சபை என்று இருப்பது அது ஒன்றுதான், மற்றதெல்லாம் வெறும் கட்டடம் என்பது அவர்கள் நம்பிக்கை.

அப்பம் பிட்ட பிறகு சபைத் தலைவரான மூப்பர் பேசுவார். ஒரு மணி நேரம். அதில் இருபது நிமிஷம் கடவுளுக்கு, பாக்கி நாற்பது நிமிஷம் மற்ற சபைகளுக்கு. மணிக்கூண்டுச் சபையில் மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். பாலத்தடிச் சபையில் டிரம் அடிக்கிறார்கள். சினிமா தியேட்டருக்குப் பின்னால் இருக்கிற சபையில் பெண்கள் எழுந்து நின்று சத்தமாக ஜெபம் பண்ணுகிறார்கள், அதிலும் ஒரு பெண் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பண்ணுகிறாள். இப்படி வாராவாரம் பட்டியல் நீளும். வேடிக்கை என்னவென்றால், மணிக்கூண்டுச் சபையில் என்ன நடக்கிறதென்று அந்தச் சபைக்காரர்களைவிட இந்த முப்பத்தாறு பேருக்குத்தான் அதிகம் தெரியும். ஒருநாளும் உள்ளே போனதில்லை. ஆனால் எந்த ஜன்னலுக்குக் கண்ணாடி உடைந்திருக்கிறது என்பது வரைக்கும் விரல் நுனியில்.

மூப்பர் பணியில் இருந்தபோது எடை அளவு ஆய்வாளர். கடை கடையாகப் போய்த் தராசையும் எடைக்கல்லையும் சோதித்து முத்திரை குத்துகிற வேலை. முப்பத்திரண்டு வருஷம் அடுத்தவர் தராசில் குறை பார்த்த கண், ஓய்வு பெற்ற மறுநாளே ஓய்ந்துவிடுமா? தெருவில் அவருக்கு எடைக்கல் என்றே பெயர். கெட்டவர் இல்லை. தன் தட்டில் ஒரு பருக்கை கூடுதலாக விழுந்தாலும் திருப்பிக் கொடுக்கிற ஆள். அடுத்தவர் தட்டையும் அதே கண்ணால் பார்த்தார், அவ்வளவுதான்.

ஒரு காலத்தில் அந்த மாடியில் எண்பது பேர் இருந்தார்கள். பக்கத்து ஊரில் இதே போல ஒரு கூட்டம், இவர்களுக்கு உயிர்ச் சிநேகம். அங்கே யாரோ சிலர், யாரோடோ சாப்பிட்ட யாரையோ சேர்த்துக்கொண்டார்கள் என்று அந்த ஊர்ப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை என்றாயிற்று. அதில் இங்கிருந்து இருபது பேர் போனார்கள். மிச்சப்பேர் ஒவ்வொருவராகப் போனார்கள். குறையக் குறையச் சுத்தம் கூடுகிறது என்று மூப்பர் சொன்னார். நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சுவரோரம் வைத்த தச்சருக்கு மட்டும், சுத்தம் கொஞ்சம் அதிகமாகத்தான் கூடிக்கொண்டு போகிறதோ என்று ஒரு நிமிஷம் தோன்றியதாம். உடனே அந்த நினைப்பைப் பயந்து விழுங்கிவிட்டார்.

தப்புச் செய்து சபையிலிருந்து விலக்கப்பட்டவர்களோடு சபையார் ஒரே மேசையில் சாப்பிடக் கூடாது. இது சட்டம். அந்நியர் என்றால் சுலபம், வீட்டுக்குக் கூப்பிடாமல் இருந்துவிடலாம். விலக்கப்பட்டது சொந்த மகனாகவோ மாமியாராகவோ இருந்தால்? வீட்டில் அறையே இரண்டுதான் என்றால்? அதற்குத்தான் மேசையை அறுப்பது. இரண்டு மேசை, நடுவில் இடைவெளி. முதலில் ஒரு முழம் என்றார் மூப்பர். ஒரு முழம் விட்டால் கதவு திறக்காது என்றார்கள். ஒரு சாண் என்றார். அப்போதும் பிரிட்ஜ் இடித்தது. கடைசியில் ஒரு விரல் என்று இறங்கினார். யார் விரல் என்று ஒரு கேள்வி கிளம்பியது. ஆய்வாளர் அல்லவா, அந்தக் கேள்வி அவருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. தன் கட்டைவிரலையே நீட்டினார். தச்சர் அந்தப் பருமனுக்கு ஒரு கட்டை இழைத்துக் கொடுத்தார். எந்த வீட்டு மேசையை அறுத்தாலும் அந்தக் கட்டையை நடுவில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மூப்பர் தலையை ஆட்டுவார்.

சரி, தச்சர் மனைவி என்ன தப்புச் செய்தாள்? மழைக்கு ஒதுங்கினாள்.

அவளுடைய அண்ணன் மகளுக்குக் கல்யாணம், மணிக்கூண்டுச் சபையில். மற்ற சபையில் சொந்தக்காரர் கல்யாணம் என்றால் இவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வாசல் கேட்டுக்கு வெளியே, தெருவில் நிற்பார்கள். உள்ளே கல்யாணம் முடிந்து பெண்ணும் மாப்பிள்ளையும் வெளியே வந்ததும் கை குலுக்கிவிட்டு, விருந்து மண்டபத்துப் பக்கம் திரும்பிப் பார்க்காமல் வீடு வந்து சேருவார்கள். தச்சருக்கு அன்று ஒரு அலமாரி வேலை. மனைவி மட்டும் போய் நின்றாள். மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்று மாத்திரை கொடுக்கிறவளுக்கு நிற்பது ஒரு கஷ்டமா? ஆனால் பாதியில் பிடித்ததே ஒரு மழை! குடையும் இல்லை. கட்டியிருந்ததோ புதுப்புடவை. ஓடிப்போய் போர்ட்டிகோவில் நின்றாள்.

அவள் நின்றதை எதிர்க்கடையிலிருந்து சபையார் ஒருவர் பார்த்துவிட்டார். அன்று சாயங்காலமே செய்தி மூப்பர் காதுக்குப் போயிற்று.

இப்போது கேள்வி, போர்ட்டிகோ என்பது தெருவா, கட்டடமா? இப்படிப்பட்ட கேள்விக்காகவே பிறந்தவர் மூப்பர். கூரையிலிருந்து மழைத் தண்ணீர் சொட்டுகிற கோடுதான் எல்லை, அதற்கு இந்தப் பக்கம் தெரு, அந்தப் பக்கம் கட்டடம் என்று தீர்ப்புச் சொன்னார். அவள் எங்கே நின்றாள்? "இரண்டாவது தூண்கிட்ட" என்று அவளே சொல்லிவிட்டாள். அப்படியானால் எத்தனை அடி உள்ளே? அளக்க வேண்டுமே.

திங்கட்கிழமை காலை மூப்பரும் தச்சரும் மணிக்கூண்டுச் சபை வாசலுக்குப் போனார்கள். தச்சர் தன் இரும்பு டேப்பைக் கொண்டுபோயிருந்தார். சொட்டுக் கோடு தரையில் பச்சையாகப் பாசி பிடித்துத் தெளிவாகத் தெரிந்தது. தச்சர் டேப்பின் ஒரு முனையை அந்தக் கோட்டில் அழுத்திக்கொண்டு குந்தினார். மறு முனையை யார் பிடிப்பது? மூப்பர் பிடித்தார். மூக்குக் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, எண்களைப் பார்த்தபடியே பின்னோக்கி நடந்து நடந்து, முதல் தூணைத் தாண்டி, இரண்டாவது தூணுக்குப் போய்ச் சேர்ந்தார்.

"ஏழடி நாலங்குலம்!" என்று அங்கிருந்து குரல் கொடுத்தார்.

அந்தச் சபையின் காவலாளி ஒரு நல்ல மனுஷன். யாரோ பொறியாளர்கள் கூரையைப் பழுது பார்க்க அளக்கிறார்கள் என்று நினைத்துவிட்டான். தனக்குப் போட்ட டீயில் ஒரு டம்ளரைக் கொண்டுவந்து நீட்டினான். மூப்பர் அப்போது ஏழடி நாலங்குலத்தை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். ஆய்வுக்குப் போன கடையெல்லாம் டீ கொடுத்த பழக்கம். கை தானாக நீண்டது. வாங்கினார், குடித்தார், டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார், "சக்கரை கொஞ்சம் தூக்கல்" என்றார். எழுதி முடித்தார்.

சொட்டுக் கோட்டில் குந்தியிருந்த தச்சர் இதையெல்லாம் பார்த்தார். டேப்பைச் சுருட்டினார்.

அன்றைக்கே மனைவியிடம் மூப்பர் மெதுவாகத்தான் கேட்டார். "மழைக்குத்தானம்மா நின்னே? தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. முடிஞ்சுபோச்சு."

"மழைக்குத்தான் நின்னேன் ஐயா. ஆனா மழை விட்ட பிறகும் நின்னேனே."

"எதுக்கு?"

"பாடினாங்க. நல்லா இருந்தது. நானும் பாடினேன்."

மூப்பர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நல்லா இருந்ததுன்னு சொல்லாதேம்மா. அதைமட்டும் விட்டுடு."

"நல்லா இருந்ததை நல்லா இல்லைன்னு எப்படிச் சொல்றது? நாளைக்கு நீங்க குறை எடைக் கல்லைச் சரியான கல்லுன்னு முத்திரை குத்துவீங்களா?"

அடுத்த ஞாயிறு அவள் விலக்கப்பட்டதாகப் பெயர் வாசிக்கப்பட்டது. செவ்வாய்க்கிழமை மேசை அறுபட்டது. மூப்பர் கட்டையை வைத்துப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

தச்சருக்கு இதில் என்ன கஷ்டம் என்று வெளியாள் கேட்கலாம். பேசாமல் சபையை விட்டுவிட வேண்டியதுதானே? சொல்வது சுலபம். இருபத்திரண்டு வருஷமாக அந்த முப்பத்தாறு பேரைத் தவிர அவருக்கு இந்த உலகத்தில் வேறு யாரையும் தெரியாது. வேலை கொடுப்பதும் அவர்கள்தான், காய்ச்சல் என்றால் வந்து பார்ப்பதும் அவர்கள்தான், சாயங்காலம் பட்டறை வாசலில் நின்று பேசுவதும் அவர்கள்தான். பட்டறைக்கு எதிரே பூட்டு ரிப்பேர்க் கடை. அந்தப் பூட்டுக்காரர் பத்தொன்பது வருஷமாக ரம்பத்தின் சத்தத்தையும் இழைப்புளியின் சத்தத்தையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். தச்சருக்கு அவர் பெயர்கூடத் தெரியாது. பாலத்தடிச் சபைக்குப் போகிறவர் என்பது மட்டும் தெரியும். போதாதா, பேசாமல் இருக்க?

ஆக, மனைவியின் பாதி மேசைக்குப் போனால் முப்பத்தாறு பேரும் போனார்கள். போகாவிட்டால், ஒரு கட்டைவிரல் தள்ளி மனைவி. இதுதான் தச்சரின் நிலைமை. சட்டப்படி மேசைக்கு மேசை எதையும் கொடுக்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. அவரவர் தட்டு, அவரவர் தண்ணீர், அவரவர் உப்பு.

மனைவி என்னவோ உற்சாகமாகத்தான் இருந்தாள். தன் பாதிக்கு ஒரு பூப்போட்ட விரிப்பு வாங்கிப் போட்டாள். நடு இடைவெளியைப் பார்த்தபடி, "அந்தக் கரையில என்ன விசேஷம்?" என்று கேட்பாள்.

"சும்மா சாப்பிடு."

"உங்க ஊர்ல உப்புக் கிடைக்குதா? எங்க ஊர்ல இன்னிக்குக் கொஞ்சம் கம்மி."

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்குவார். மேசை வேறானால் சிரிக்கக் கூடாது என்று சட்டத்தில் இல்லை. ஆனாலும் சிரித்தால் எங்கே போய் முடியும் என்று அவருக்குப் பயம்.

ஏழாம் நாள் அவர் தாங்க முடியாமல் டீ விஷயத்தைப் போட்டு உடைத்தார். "ஏழடி நாலங்குலம் உள்ள நின்னு குடிச்சாரு. சக்கரை தூக்கல்னு வேற சொன்னாரு. அப்போ அவரும் வெளியதானே? ஞாயித்துக்கிழமை எழுந்து நின்னு கேட்டுடட்டுமா?"

அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சட்டென்று நிறுத்திவிட்டாள். "வேண்டாங்க. கேக்காதீங்க."

"ஏன்? உன்னைமட்டும் வெளிய போடலாமா?"

"எனக்கு நீங்க இருக்கீங்க, ஒரு விரல் தள்ளியாவது. அவரு தனி ஆள். அவரு வீட்டு அம்மா போயி ஆறு வருஷமாச்சு. அவருக்கு அடுப்புப் பத்தவைக்கவே தெரியாது. ஒரு நாளைக்கு ஒரு வீடுன்னு முறை வச்சுத்தானே சாப்பிடுறாரு? அவரை விலக்கிட்டா எந்த வீட்ல சோறு போடுவாங்க? எந்த மேசையை அறுப்பீங்க?"

தச்சர் யோசித்தார். மூப்பரின் சாப்பாட்டு முறையில் வியாழக்கிழமை இவர்கள் வீடுதான். போன வியாழனும் வந்திருந்தார். தச்சரின் பாதியில் உட்கார்ந்து, அவள் பக்கம் பார்க்காமல், அவள் சமைத்ததை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். சமைத்த கை விலக்கப்பட்டதா இல்லையா என்பதை மட்டும் அவர் இன்னும் அளந்து பார்க்கவில்லை. பசி வந்தால் யாருக்கும் டேப் ஞாபகம் வராது போலிருக்கிறது.

"சரி, கேக்கலை" என்றார் தச்சர்.

இப்படியே பதினோரு நாள் ஓடியது. பன்னிரண்டாம் நாள் மதியம் மீன்.

தச்சருக்குக் கிட்டப் பார்வை மட்டம். மரத்தில் கால் அங்குலம் பிசகினால் தெரியும், மீனில் முள் தெரியாது. கல்யாணமான நாள்முதல் மனைவிதான் முள் எடுத்துச் சதையை அவர் தட்டில் வைப்பாள். அவர் அதற்குப் பதிலாக மீன் தலையை அவளுக்குத் தள்ளிவிடுவார். இரண்டு பேருக்கும் லாபம். இப்போது அந்தப் போக்குவரத்து நின்றுபோயிற்று. அவர் தடவித் தடவிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எதிரே அவள், தலை இல்லாத தன் மீன் துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிக்கியது. நல்ல பெரிய முள். தச்சர் இருமினார், கண் பிதுங்கியது, தண்ணீர் குடித்தார், இறங்கவில்லை. கையை அசைத்தார்.

"என்ன, முள்ளா?" என்றாள் அவள். தலையை ஆட்டினார். "வெறும் சோத்தை உருட்டி முழுங்குங்க." அவர் தட்டில் வெறும் சோறு இல்லை, எல்லாம் பிசைந்தது. மறுபடியும் கையை அசைத்தார், இந்தத் தடவை அவள் தட்டைக் காட்டி.

"எல்லை தாண்டலாமா? மூப்பர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுவோமா?" என்று சொல்லிக்கொண்டேதான் எழுந்தாள். சொல்லி முடிப்பதற்குள் ஒரு உருண்டை அவர் வாயில் இருந்தது. இரண்டாவதும் போயிற்று. மூன்றாவதில் முள் இறங்கியது.

தச்சர் மூச்சை இழுத்து விட்டார். கண்ணில் தண்ணீர். முள்ளால் வந்ததுதான் என்று அவர் பிற்பாடு சொன்னார், நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். அவள் தன் நாற்காலிக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்தாள். அவர் சற்று நேரம் தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தட்டை எடுத்தார், நாற்காலியைக் காலால் தள்ளினார், பூப்போட்ட விரிப்புப் பக்கம் போய் உட்கார்ந்தார்.

"என்னங்க இது?"

"மூணு உருண்டை சாப்பிட்டாச்சு. அதுக்கு மேல சாப்பிட்டா மட்டும் தனிக் குத்தமா? முள்ளை எடு."

அவள் முள்ளை எடுத்தாள். அவர் மீன் தலையை அவளுக்குத் தள்ளிவிட்டார். அன்றைக்கு அந்த வீட்டில் இரண்டு பேரும் வயிறு நிறையச் சாப்பிட்டார்கள். பாத்திரம் கழுவும்போது அவள் அந்தக் கல்யாணப் பாட்டை முணுமுணுத்தாள். அவர் சொல்லிக்கொள்ளாமல் வாசல்படியில் விரலால் தாளம் போட்டார்.

யாரும் பார்க்கவில்லை. பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் தச்சருக்கு ஒன்றை மூடிவைக்கத் தெரியாது. விரிசல் விட்ட பலகையில் மெழுகு தடவி விற்காத ஆள். வியாழக்கிழமை பன்னிரண்டரைக்கு மூப்பர் குடையோடு வந்து, செருப்பைக் கழற்றி, கை கழுவிவிட்டு உட்காரப் போனபோது, சொல்லிவிட்டார்.

"ஐயா, உக்காருறதுக்கு முன்னாடி ஒரு விஷயம். சனிக்கிழமை தொண்டையில முள்ளு சிக்கி அவ கையால வாங்கிச் சாப்பிட்டேன். அதுலேர்ந்து அவ பக்கத்துலதான் சாப்பிடுறேன்."

மூப்பர் நாற்காலியைப் பிடித்தபடி நின்றார். "யாராவது பார்த்தாங்களா?"

"இல்லீங்க."

"அப்போ எதுக்குத் தம்பி என்கிட்ட சொல்றே?" கேட்டது மூப்பர்தானா என்று தச்சருக்கே சந்தேகமாகிவிட்டது. குரலில் அதட்டல் இல்லை. கெஞ்சுகிற மாதிரி இருந்தது. அடுப்பங்கரையிலிருந்து நல்ல வாசனை வேறு வந்துகொண்டிருந்தது.

"நீங்கதானே ஐயா சொல்லிக் கொடுத்தீங்க. பார்க்காத குறையும் குறைதான்னு."

மூப்பரின் முகம் மாறியது. தச்சரை நிமிர்ந்து பார்த்தார். சொட்டுக் கோட்டில் குந்தியிருந்த அந்த இரண்டு கண்களும் இப்போது அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். "வேற ஏதாவது சொல்லணுமா உனக்கு?" என்று மெதுவாகக் கேட்டார்.

கதவுக்குப் பின்னால் கரண்டிச் சத்தம் நின்றது.

"வேற ஒண்ணும் இல்லீங்க" என்றார் தச்சர்.

மூப்பர் நாற்காலியை விட்டுவிட்டுக் கிட்டே வந்தார். "தப்புன்னு சொல்லு தம்பி. முள்ளு சிக்கிச்சு, அவசரம், அதனாலன்னு ஏதாவது ஒரு காரணம்…"

"முள்ளு மூணாவது உருண்டையிலேயே இறங்கிடுச்சுங்க. அதுக்கு அப்புறம் சாப்பிட்டது ஆசைப்பட்டுத்தான்."

புருஷனும் பெண்டாட்டியும் ஒரே மாதிரி. ஒரு பொய், ஒரே ஒரு சின்னப் பொய் சொல்லத் தெரியாதா இவர்களுக்கு என்று மூப்பர் நொந்துபோயிருப்பார். குடையை எடுத்துக்கொண்டார். சாப்பிடாமலே படியிறங்கினார். அன்று மதியம் அவர் பஸ் நிறுத்தத்துக் கடையில் இரண்டு வாழைப்பழமும் ஒரு பன்னும் வாங்கியதைப் பார்த்தவர்கள் உண்டு. பன்னைக் கையில் எடைபோட்டுப் பார்த்து, வேறு ஒன்று மாற்றிக் கேட்டாராம்.

ஞாயிறன்று தச்சர் பெயரும் வாசிக்கப்பட்டது. வழக்கமாக வெண்கலக் குரல். அன்றைக்குப் பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்று சொல்கிறார்கள். முப்பத்தைந்து முப்பத்து நாலாயிற்று.

திங்கட்கிழமை காலையில் தச்சர் பட்டறையைத் திறந்தார். உலகம் இடிந்து விழும் என்று காத்திருந்தார். சபையார் இரண்டு பேர் தெருவின் எதிர்ப்பக்கமாக ஒதுங்கிப் போனார்கள். அரைகுறையாக நின்றிருந்த ஒரு கட்டில் வேலையை வந்து தூக்கிக்கொண்டு போனார்கள். கட்டில் பாவம், மூன்று காலோடு போயிற்று. அவ்வளவுதான் இடி. பத்து மணிக்கு எதிர்க்கடைப் பூட்டுக்காரர் தெருவைத் தாண்டி வந்தார்.

"என்ன அண்ணே, இன்னிக்குச் சத்தமே காணோம்? உங்க இழைப்புளிச் சத்தம் இல்லாம எனக்கு வேலையே ஓடலை."

தச்சருடையது வெளியாளோடு பேசிப் பழக்கம் விட்டுப்போன வாய். "உங்க… உங்க சபையில டிரம் அடிப்பாங்களே" என்றார்.

"அடிப்பானுங்க, காது கிழியும்! நான் கடைசி வரிசையில பஞ்சு வச்சுக்கிட்டுத்தான் உக்காருவேன்" என்றார் பூட்டுக்காரர். "வாங்க, டீ குடிப்போம்."

அந்தப் பஞ்சு விவரம் மட்டும் எப்படி மூப்பரின் பட்டியலில் விட்டுப்போயிற்று என்று தச்சர் ஆச்சரியப்பட்டார். குடித்துக்கொண்டே பூட்டுக்காரர் தன் சபைக்குக் கூப்பிட்டார். தச்சர் சிரித்துத் தட்டிக் கழித்துவிட்டார். ஒரு வீட்டிலிருந்து இறங்கிய சூட்டோடு இன்னொரு வீட்டுப் படி ஏற வேண்டுமா என்ன? ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரும் மனைவியும் வீட்டிலேயே பாடினார்கள். அவள் நன்றாகப் பாடினாள். அவர் சுமாராகத் தாளம் போட்டார். அடுத்த வீட்டுக்காரி சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டாள் என்பதை அவளே ஊர் முழுக்கச் சொல்லியிருக்கிறாள்.

இதற்கு நடுவில் மாடியில் ஒரு சிக்கல். மூப்பரின் வியாழக்கிழமைக்கு வீடு இல்லை. கூட்டத்தில் கேட்டார்கள். ஒருவர் வீட்டில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, இன்னொருவர் வீட்டில் வெள்ளையடிக்கிறார்கள், மற்றொருவர் வியாழன்தோறும் உபவாசம் என்று அப்போதுதான் தீர்மானம் செய்திருந்தார். உள்ளதைச் சொன்னால், மூப்பரை வீட்டில் உட்காரவைக்க எல்லோருக்கும் கொஞ்சம் உதறல். சாப்பிட வருகிற இடத்தில் கண் சும்மா இருக்காதே.

அந்த வியாழன் பன்னிரண்டரை. தச்சர் வீட்டுக் கதவைக் குடைக்கம்பி தட்டியது.

"நான் சாப்பிட வரலை" என்றார் மூப்பர், முதல் வார்த்தையாக. "விலக்கப்பட்டவங்களைப் போய்ப் பார்த்துப் புத்தி சொல்லலாம். அதுக்கு இடம் இருக்கு. மனந்திரும்பிட்டியான்னு விசாரிக்க வந்தேன்."

"வாங்க ஐயா, உக்காந்து விசாரிங்க" என்றாள் தச்சர் மனைவி.

மூப்பர் ஆளில்லாத பாதி மேசையில் உட்கார்ந்தார். தச்சரும் அவளும் பூ விரிப்புப் பக்கம். நடுவில் அவருடைய கட்டைவிரல் அளவு, இம்மி பிசகாமல்.

"மனந்திரும்பினியா?"

"இன்னும் இல்லீங்க."

"ம்." மூப்பர் சுவரைப் பார்த்தார். பிறகு அடுப்பங்கரைப் பக்கம் பார்த்தார். விசாரணை என்றால் ஒரே கேள்வியில் முடிகிற காரியமா? நேரம் பிடிக்கும். அவள் கேட்காமலே ஒரு தட்டைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். அவர் ஏன் என்று கேட்கவில்லை. தனி மேசை, தனித் தட்டு. எந்தச் சட்டத்திலும் இடிக்காது. வெகுநேரம் மூன்று பேரும் சத்தமில்லாமல் விசாரணையில் ஈடுபட்டிருந்தார்கள்.

பாதியில் மூப்பர், சுவரிடம் சொல்வதுபோல, "உப்பு" என்றார்.

அவள் கையை நீட்டி உப்புக் கிண்ணத்தை இடைவெளிக்கு மேலாகவே அந்தப் பக்கம் வைத்தாள். மூப்பரின் கை ஒரு கணம் தயங்கியது. எடுத்துக்கொண்டது.

"போதுமா ஐயா?"

"போதும்மா" என்றார் மூப்பர். விலக்கப்பட்ட பிறகு அவர் அவளை அம்மா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

அதிலிருந்து வியாழன் தவறாமல் விசாரணை நடக்கிறது. சபையில் கேட்டால், மூப்பர் எவ்வளவு பொறுமையாக அந்த இரண்டு பேருக்குப் புத்தி சொல்கிறார் பாருங்கள் என்று உருகுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை நாற்பது நிமிஷத்தில் மணிக்கூண்டுச் சபைக்கு முன்பு பத்து நிமிஷம் போகும், இப்போதெல்லாம் மூன்றுதான் என்று ஒரு கணக்கு உலவுகிறது. பாலத்தடிச் சபைக்கு அதே பழைய பன்னிரண்டு. அந்தக் காவலாளியின் டீதான் காரணமோ என்னவோ, நமக்கெதற்கு.

போன வாரம் விசாரணை முடிந்து, இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டு, குடையை ஊன்றிக்கொண்டு மூப்பர் தெரு முனை திரும்பும்வரை தச்சர் வாசலில் நின்று பார்த்தார். மனம் இளகிவிட்டது.

"பாவம்டி, வயசான மனுஷன். ஒவ்வொரு வாரமும் வெறுங்கையோட போறாரு. பேசாம ஒரு வார்த்தை தப்புன்னு சொல்லிடலாமான்னு தோணுது."

மனைவி மூன்று தட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கையில் எடுத்தாள்.

"அவசரப்பட்டு மனந்திரும்பிடாதீங்க" என்றாள். "பாவம், அவருக்கு வியாழக்கிழமை போயிடும்."